தந்தை யாரெனத் தெரியாத பிள்ளைகள்: இளையோர் நாவல்களில் பழந்தொன்மம்

பழந்தொன்மங்களைப் பதின்பருவத்தினருக்காகத் திருப்பிச் சொல்லும் நாவல்கள் இன்று ஆங்கிலப் பதிப்புலகில் தனியொரு பெருவகை. கிரேக்கத் தேவர்களில் தொடங்கி எகிப்து, நார்ஸ், மாயா, கொரியா, மெசொப்பொத்தேமியா, இந்தியா என்று இவ்வகை தொடாத புராணம் குறைவு. ஒன்பது வயதுச் சிறுவர் கையில் எடுக்கும் சாகசக் கதை இதன் ஒரு முனை. பெரியவர்களுக்கென்று வெளிவந்து, பள்ளி மாணவர்கள் தங்களுடையதாக்கிக்கொண்ட மேடலின் மில்லரின் 'சர்சி' (2018) போன்ற நாவல் மறுமுனை. இவற்றுக்கு இடையிலான கோட்டைப் பதிப்பாளர்கள் வயதை வைத்துப் போடுகிறார்கள். வாசகர்கள் அதைப் பெரிதாக மதிப்பதில்லை.

இந்நாவல்கள் இளையோருக்கு ஏன் இவ்வளவு பிடிக்கின்றன என்ற கேள்விக்கு அரக்கர், மாய ஆயுதம், போர் என்று பதில் சொல்வது எளிது. ஆனால் அவையெல்லாம் தொன்மத்தோடு தொடர்பே இல்லாத மிகைப்புனைவிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. பழங்கதைகளில் மட்டும் கிடைப்பது வேறு. பெற்றுவிட்டு மறைந்துபோகும் தந்தையர், பிறக்கும் முன்பே எழுதப்பட்ட விதி, மூத்தோர் செய்த காரியத்துக்கு இளையோர் கட்டும் விலை ஆகியவை அவற்றின் அடித்தளம். பதின்பருவத்தின் கவலைகளும் ஏறத்தாழ இவையே. நல்ல மறுபுனைவு இந்த அடித்தளத்தைக் கலைப்பதில்லை. முடிவெடுக்கும் உரிமையை மட்டும் கைமாற்றுகிறது.

சிறுவருக்காகத் தொன்மத்தை எழுதும் வழக்கம் பழையது. சார்ல்ஸ் லாம் 1808இல் யுலிசீஸின் பயணத்தைச் சுருக்கி எழுதினார். அமெரிக்காவில் நத்தானியேல் ஹாதோர்ன் 1851இல் 'எ ஒண்டர் புக்' என்ற நூலையும், இங்கிலாந்தில் சார்ல்ஸ் கிங்ஸ்லி 1856இல் 'தி ஹீரோஸ்' என்ற நூலையும் வெளியிட்டனர். ஹாதோர்ன் செய்த ஒரு மாற்றம் கவனிக்கத்தக்கது. தொட்டதெல்லாம் பொன்னாகும் வரம் பெற்ற மைதாஸ் அரசன் தன் மகளைத் தொட, அவளும் பொற்சிலையாகிவிடும் கட்டம் இன்று உலகெங்கும் தெரிந்தது. ஓவிட் எழுதிய லத்தீன் கதையில் அந்த மகளே கிடையாது. உணவும் மதுவும் பொன்னாகிவிட, பசியில் தவிக்கும் அரசன்தான் உண்டு. மேரிகோல்டு என்ற அந்தச் சிறுமி ஹாதோர்னின் கற்பனை. பிள்ளை வாசகருக்காகச் சேர்த்த பாத்திரம் நாளடைவில் தொன்மத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது.

ஆனால் 19ஆம் நூற்றாண்டு நூல்கள் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகள். தேவர்களின் காமமும் வஞ்சகமும் அவற்றில் கத்தரிக்கப்பட்டன. வீரமும் பணிவும் மிஞ்சின. பதின்பருவத்தினர் என்ற தனி வாசகர் கூட்டம் இருப்பதைப் பதிப்புலகம் உணர்ந்தது 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். அந்த வயதின் கொந்தளிப்பைத் தொன்மத்தோடு முதலில் அழுத்தமாகப் பின்னிய நாவல்களுள் ஒன்று, 1967இல் ஆலன் கார்னர் எழுதிய 'தி அவுல் சர்வீஸ்'. அவ்வாண்டின் கார்னகி பதக்கத்தைப் பெற்றது. அதன் வேர் வேல்சு நாட்டின் மாபினோகியன் கதைத்தொகுதியில் இருக்கிறது. மனிதப் பெண்ணை மணக்கக் கூடாதென்று சபிக்கப்பட்ட ஒருவனுக்காக மந்திரவாதிகள் பூக்களைக்கொண்டு ஒரு பெண்ணைச் செய்கிறார்கள். அவள் வேறொருவனை விரும்பிக் கணவனைக் கொல்லச் சதி செய்கிறாள். தண்டனையாக ஆந்தையாக்கப்படுகிறாள். கார்னர் இதைத் திருப்பிச் சொல்லவில்லை. வேல்சுப் பள்ளத்தாக்கு ஒன்றில் கோடை விடுமுறையைக் கழிக்கும் மூன்று இளையோரின் வாழ்க்கையில் அந்த முக்கோணம் மறுபடி நிகழத் தொடங்குவதாக எழுதினார். பரணில் கிடைக்கும் தட்டுகளின் வேலைப்பாடு ஆந்தையா பூவா என்பதுதான் கதையின் முடிச்சு. பணக்கார ஆங்கிலக் குடும்பத்துக்கும் சமையல்காரியின் மகனுக்கும் இடையிலான வர்க்கப் பகை அந்த முடிச்சை மேலும் இறுக்குகிறது. அந்த மகனுக்கும் தன் தந்தை யாரென்று தெரியாது. இன்றைய இளையோர் தொன்ம நாவல்களில் பலவும் எட்டாத இறுக்கம் இதில் இருக்கிறது.

பெருவெள்ளம் 2005இல் வந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் பிறந்த ரிக் ரையர்டன் பதினைந்து ஆண்டுகள் நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆங்கிலமும் வரலாறும் கற்பித்தார். பெரியவர்களுக்கான துப்பறியும் நாவல்களும் எழுதிவந்தார். அவருடைய மகனுக்கு டிஸ்லெக்சியாவும் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடும் இருப்பது தெரியவந்தது. பள்ளியில் அவனுக்குப் பிடித்தது கிரேக்கத் தொன்மம் மட்டுமே. படுக்கை நேரத்தில் தந்தை கதை சொன்னார். கதைகள் தீர்ந்ததும் புதிதாகச் சொல்லச் சொன்னான் மகன். அப்படிப் பிறந்த பெர்சி ஜாக்சன் 'தி லைட்னிங் தீஃப்' நாவலின் நாயகனானான். 2009க்குள் ஐந்து பாகங்கள் வந்தன. பின்னர் எகிப்து, ரோம், நார்ஸ் தொன்மங்களை வைத்துத் தனித்தனித் தொடர்கள் பெருகின.

பெர்சிக்குப் பன்னிரண்டு வயது. ஆறு ஆண்டுகளில் ஆறு பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டவன். எழுத்துகள் அவன் கண்முன் நீந்துகின்றன. ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. பின்னால் இதற்கு விளக்கம் கிடைக்கிறது. அவன் மூளை பழங்கிரேக்கத்தை வாசிக்க அமைந்தது, அதனால் ஆங்கிலம் தடுமாறுகிறது. அவனுடைய படபடப்பு போர்க்களத்தில் உயிர்காக்கும் துடிப்பு. வகுப்பறையில் குறையென்று எழுதப்பட்டவை வேறோர் உலகில் தகுதியாகின்றன. மருத்துவ நோக்கில் பார்த்தால் இது வெறும் கற்பனை. ஆனால் மதிப்பெண் அட்டையைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு இதைவிட நேரடியான அழைப்பு இருக்க முடியாது.

நாவலின் உத்தி, தொன்ம இடங்களை இன்றைய அமெரிக்காவின் மேல் பொருத்துவது. ஒலிம்பஸ் மலை நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600ஆம் மாடியில் இருக்கிறது. தாமரை தின்போரின் நாடு லாஸ் வேகஸில் சூதாட்ட விடுதியாகிறது. சற்று நேரம் விளையாடியதாக நினைக்கும் சிறுவர்களுக்கு ஐந்து நாள் ஓடிவிடுகிறது. பாதாளத்தின் வாயில் லாஸ் ஏஞ்சலிஸின் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில். மூலக்கதை தெரிந்தவர் அடுத்து வருவதை முன்கூட்டியே ஊகித்துச் சிரிக்கிறார். தெரியாதவர் பாத்திரத்தோடு சேர்ந்து மாட்டிக்கொள்கிறார். ஒரே பக்கத்தில் இரண்டு வாசகர்களுக்கும் இடம் இருப்பது சாதாரணத் திறமையன்று.

மெடூசா வரும் அத்தியாயத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நியூ ஜெர்சியின் சாலையோரத்தில் தோட்டச் சிலைகள் விற்கும் கடை. பசியோடு வரும் மூன்று சிறுவர்களுக்குக் கடைக்காரம்மாள் வயிறாரச் சாப்பாடு போடுகிறாள். அவள் முகத்தைத் திரை மறைத்திருக்கிறது. சுற்றிலும் உள்ள கற்சிலைகளின் முகத்தில் அச்சம் உறைந்திருக்கிறது. மெடூசாவைப் பற்றி ஓவிட் சொல்வது இது: அழகியான அவளைக் கடல்தேவன் அதீனாவின் கோயிலிலேயே கெடுத்தான், அதீனா தண்டித்தது அவளை. ரையர்டன் சிறுவர் நூலுக்கேற்ப வன்கொடுமையைக் காதலாக மென்மைப்படுத்திவிட்டார். ஆனால் வேறொன்றைக் கூர்மையாக்கினார். மெடூசாவின் எதிரே உட்கார்ந்து சாப்பிடும் பெர்சி கடல்தேவன் பொசைடனின் மகன். பக்கத்தில் இருக்கும் ஆனபெத் அதீனாவின் மகள். இவளை இந்த நிலைக்கு ஆளாக்கிய இருவரின் பிள்ளைகள்தாம் இவளிடம் மாட்டியிருக்கிறார்கள். பெற்றோரின் பழங்கணக்கு பிள்ளைகள் தலையில் விழும் கட்டத்தை இத்தனை எளிமையாக அமைத்த சிறுவர் நாவல்கள் சிலவே.

அதே தலை நாவலின் முடிவில் மறுபடி வருகிறது. பழங்கதையில் பெர்சியஸின் தாய் டானேயை அடைய விரும்பிய செரிஃபோஸ் தீவின் அரசன் பாலிடெக்டீஸ், மகனை அப்புறப்படுத்தவே மெடூசாவின் தலையைக் கொண்டுவர அனுப்புகிறான். பெர்சியஸ் திரும்பி வந்து, அந்தத் தலையைக் காட்டி அரசனைக் கல்லாக்குகிறான். நாவலில் பாலிடெக்டீஸின் இடத்தில் இருப்பவன் கேப் என்ற மாற்றாந்தந்தை. சீட்டாட்டமும் நாற்றமும் அடிக்கும் கையுமாக இருப்பவன். வீட்டுக்குத் திரும்பும் பெர்சி அவனைக் கல்லாக்க முடியும், ஆனால் செய்வதில்லை. தலை இருக்கும் பெட்டியைத் தாயிடம் விட்டுவிட்டுப் போகிறான். கேப் கல்லாகிறான். தாய் அந்தச் 'சிற்பத்தை' விற்று, வந்த பணத்தில் தான் பாதியில் விட்ட படிப்பைத் தொடர்கிறாள். பழங்கதையில் டானே காப்பாற்றப்படுபவள் மட்டுமே. இங்கே தன்னைக் காத்துக்கொள்ளும் முடிவு அவளுடையது. நிகழ்ச்சி மாறவில்லை, கல்லாகவேண்டியவன் கல்லாகிறான். கை மட்டும் மாறியிருக்கிறது.

தந்தையைத் தேடுவது கிரேக்கத் தொன்மத்தின் ஓயாத பொருள். 'ஒடிசி' காப்பியத்தின் முதல் நான்கு பகுதிகள் ஒடிசியஸைப் பற்றியவையே அல்ல. தந்தையைப் பார்த்தறியாமல் வளர்ந்த மகன் டெலமாக்கஸ் அவரைத் தேடிப் புறப்படுவதைச் சொல்கின்றன. தீசியஸ் வளர்ந்தபின் ஒரு பாறையைப் புரட்டி, தந்தை அடியில் வைத்துப்போன வாளையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு ஏதென்ஸுக்கு நடக்கிறான். நீ சூரியன் மகனே இல்லையென்று தோழன் கேலி செய்ததைத் தாங்காமல் ஃபேத்தான் தந்தையின் தேரைக் கேட்டு வாங்கி, ஓட்டத் தெரியாமல் அழிகிறான். இவர்கள் எல்லோரும் மீசை அரும்பும் பருவத்தினர். தொன்மத்தை இளையோருக்காக வளைக்கவேண்டிய அவசியமே பல இடங்களில் இல்லை.

உளவியலாளர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். ஓட்டோ ராங்க் 1909இல் நாயகர்களின் பிறப்புக் கதைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் சிக்மண்ட் ஃப்ராய்டின் சிறு கட்டுரையும் இடம்பெற்றது. தன் பெற்றோர் உண்மைப் பெற்றோர் அல்லர், உண்மையானவர்கள் இன்னும் உயர்ந்தவர்கள் என்று பிள்ளைகள் கற்பனை செய்துகொள்வதை ஃப்ராய்டு அதில் விளக்கினார். தேவனின் பிள்ளை என்ற கதை அந்தக் கற்பனையின் உச்சம் என்று கொள்ளலாம். ஆயினும் ரையர்டனின் வெற்றியை இக்கற்பனையோடு நிறுத்திவிடுவது போதாது. அவருடைய தேவர்கள் உயர்ந்த பெற்றோர் அல்லர், பொறுப்பற்ற பெற்றோர். அரைத்தேவர்களின் முகாமில் ஒவ்வொரு தேவனின் பிள்ளைகளுக்கும் தனிக்குடில் உண்டு. எந்தத் தேவனும் உரிமை கோராத பிள்ளைகள் ஹெர்மீஸின் குடிலில் தரையில் நெருக்கியடித்துப் படுக்கிறார்கள். தன் தலைக்கு மேல் ஓர் அடையாளம் ஒளிராதா என்று காத்திருப்பதே அவர்களுடைய வாழ்க்கை. பெர்சியின் தலைக்கு மேல் பொசைடனின் திரிசூலம் எல்லோர் முன்னிலையிலும் தோன்றும் கட்டம் தமிழ் வாசகருக்கு வேறொரு அரங்கத்தை நினைவுபடுத்தும். வித்தை காட்ட வந்த கர்ணனிடம் கிருபர் குலமும் பெற்றோரும் கேட்க, அவன் முகம் கவிழ்கிறது. வானத்துச் சூரியன் அப்போது அவனைத் தன் மகனென்று உரிமை கோரவில்லை. குந்தியும் வாய் திறக்கவில்லை.

பெர்சி தொடரின் ஐந்தாம் பாகத்தில், உரிமை கோரப்படாத பிள்ளைகளின் கோபம் கணக்குத் தீர்க்கிறது. எதிர்ப்பக்கம் போன லூக், ஹெர்மீஸ் கைவிட்ட மகன். வெற்றிக்குப் பரிசாகத் தேவர்கள் பெர்சிக்கு இறவாமை தர முன்வருகிறார்கள். அவன் மறுத்துவிட்டு, பதின்மூன்று வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பெற்றோர் உரிமை கோரவேண்டும் என்று உறுதிமொழி கேட்கிறான். ஹோமர் காலத்து நாயகன் கேட்பது புகழ். இவன் கேட்பது பெற்றோர் மேல் ஒரு விதிமுறை.

விதியும் அப்படியே. கிரேக்கக் கதைகளில் வருவதுரைக்கும் வாக்கைத் தடுக்க முயல்பவனே அதை நிறைவேற்றுகிறான். பேரனால் சாவென்று கேட்ட அக்ரிசியஸ் மகளைச் சிறைவைத்தும், அந்தப் பேரன் பெர்சியஸ் எறிந்த வட்டு பட்டு இறக்கிறான். இளையோர் நாவல் இந்தச் சட்டத்தை ஒழித்துவிட்டால் கதை சப்பென்று போய்விடும். அப்படியே வைத்தாலோ நாயகனுக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ரையர்டன் கண்ட வழி, வாக்கைப் பலிக்கவைத்து அதன் பொருளைக் கடைசிவரை மறைப்பது. வாக்கு குறிப்பிட்ட நாயகன் பெர்சி அல்ல, லூக் என்பது முடிவில்தான் தெரிகிறது. சுசான் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) தொன்மப் பெயர் எதையும் சொல்லாமலே இதே இடத்தைத் தொடுகிறது. ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞரையும் ஏழு கன்னியரையும் கிரீட் தீவின் எருதுமனிதனுக்கு இரையாக அனுப்பிய தீசியஸ் கதைதான் தன் நாவலுக்குத் தூண்டுகோல் என்று காலின்ஸ் கூறியிருக்கிறார். அவருடைய பன்னிரண்டு மாவட்டங்கள் 12 முதல் 18 வயதுக்குட்பட்ட இருபத்துநான்கு பேரை அனுப்புகின்றன. தோற்ற போருக்குப் பெரியவர்கள் கட்டவேண்டிய கப்பம் பிள்ளைகளாகவே கட்டப்படுகிறது.

இரண்டாவது ஈர்ப்பு, பழங்கதை விட்டுச்சென்ற மௌனங்கள். ஹோமர் எதையும் இருளில் விடுவதில்லை, எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைக்கிறார் என்பது இலக்கிய ஆய்வாளர் எரிக் ஆவர்பாக்கின் புகழ்பெற்ற கருத்து. நாயகர்களுக்கு அது பொருந்தலாம். பக்கப் பாத்திரங்களுக்குப் பொருந்தாது. தீவுக்கு வரும் மாலுமிகளைச் சர்சி ஏன் பன்றிகளாக்குகிறாள் என்று 'ஒடிசி' சொல்வதில்லை. மேடலின் மில்லர் அந்த இடத்தில் ஒரு வரலாற்றை வைக்கிறார். சூரியதேவன் வீட்டில் யாரும் மதிக்காத மகள், மனிதக் குரல் கொண்டவள் என்று கேலிக்குள்ளானவள், தீவுக்கு நாடுகடத்தப்படுகிறாள். அங்கே கரையேறிய மாலுமிகளுக்குச் சோறிட, அவர்கள் அவளைச் சீரழிக்கிறார்கள். அதன்பின்தான் பன்றிகள். மில்லர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர். அவருடைய முதல் நாவல் 'தி சாங் ஆஃப் அகிலீஸ்' (2011) அகிலீஸின் கதையை அவன் தோழன் பெட்ரோக்லஸின் வாயால் சொல்லி 2012இன் ஆரஞ்சு பரிசைப் பெற்றது. சில ஆண்டுகள் கழித்து டிக்டாக் காணொளிகளில் இளைஞர்கள் அந்நாவலைப் படித்து அழுவதைப் பதிவிட, அது இரண்டாம் வாழ்வு பெற்றது. முடிவு மூவாயிரம் ஆண்டுகளாகத் தெரிந்தது. தெரிந்த முடிவை நோக்கி நடப்பதே அதன் வலி.

மௌனத்தை நிரப்புவது எப்போதும் நன்றாக அமைவதில்லை. பெர்செஃபனியைப் பாதாளத்தரசன் ஹேடீஸ் கவர்ந்துசென்ற கதையே இதற்குச் சான்று. டெமீட்டர் மேல் பாடப்பட்ட பழைய கிரேக்கத் துதியில் அது ஒரு தாயின் கதை. தந்தை ஜீயஸ் மகளை அவளுக்கோ தாய்க்கோ சொல்லாமல் கொடுத்துவிடுகிறார். டெமீட்டர் ஒன்பது நாள் உண்ணாமல் தீப்பந்தத்தோடு தேடி அலைகிறாள். நிலம் விளையாமல் போகிறது. மாதுளை விதையை உண்டதால் மகள் ஆண்டில் மூன்றிலொரு பங்கு காலம் பாதாளத்தில் இருக்கவேண்டியதாகிறது. அண்மை மறுபுனைவுகள் இதைக் காதல் கதையாக்குகின்றன. நியூசிலாந்தின் ரேச்சல் ஸ்மைத் 2018 முதல் 2024 வரை இணையத்தில் வரைந்து வெளியிட்ட 'லோர் ஒலிம்பஸ்' அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. ஐஸ்னர் விருதுகளும் வாங்கியது. பெர்செஃபனிக்குச் சொந்த விருப்பம் உண்டு என்று காட்டுவது நியாயமே. ஆனால் காதலன் நல்லவனாகவேண்டுமென்றால் தடையாக நிற்க யாராவது வேண்டும். அந்த வேலை தாயின் தலையில் விழுகிறது. பழந்துதியில் உலகையே பட்டினி போடும் பேரன்பு, பல நாவல்களில் மகளை மூச்சுமுட்டவைக்கும் கண்காணிப்பாகச் சுருங்கிவிட்டது. பதினாறு வயது வாசகருக்கு இது இனிக்கும். கதைக்கு நேரும் இழப்பு பெரிது.

மூலத்தைத் திரித்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இவ்விவாதங்களில் அடிக்கடி எழும். மாறாத மூலம் என்று ஒன்று கிரேக்கர்களிடமே இருந்ததில்லை. கி.மு. 412இல் யூரிபிடீஸ் அரங்கேற்றிய 'ஹெலன்' நாடகத்தில் ஹெலன் டிராய்க்குப் போகவே இல்லை; போனது மாய உருவம், அவள் எகிப்தில் இருந்தாள். பத்தாண்டுப் போர் ஒரு நிழலுக்காக நடந்தது. நார்ஸ் தொன்மத்தில் லோகி பெண்குதிரையாகி எட்டுக்கால் குட்டியொன்றை ஈனுகிறான். ரையர்டன் தம் நார்ஸ் தொடரில் ஆண் பெண் என்று மாறிமாறி உணரும் இளம் பாத்திரத்தை லோகியின் பிள்ளையாக அமைத்தபோது, தொன்மத்தில் இல்லாத எதையும் புகுத்திவிடவில்லை. அந்தப் பாகம் 2017இல் ஸ்டோன்வால் விருது பெற்றது.

ரையர்டன் மேல் வைக்கத்தக்க குறை வேறு. ஒலிம்பஸ் ஏன் அமெரிக்காவில் இருக்கிறது என்பதற்கு அவர் தரும் விளக்கம், மேற்கத்திய நாகரிகத்தின் சுடர் கிரேக்கத்தில் தொடங்கி நாடு நாடாக நகர்ந்து அங்கே வந்து சேர்ந்தது, தேவர்களும் கூடவே வந்தார்கள் என்பது. கதைக்கு வசதியான ஏற்பாடுதான். ஆனால் உலக வரலாறு ஒரே கோட்டில் ஓடி ஒரே நாட்டில் முடிகிறது என்ற எண்ணமும் அதன் கூடவே வந்துவிடுகிறது. பிற பண்பாடுகளின் தொன்மங்களைத் தாமே எழுதுவதைவிட அந்தந்தப் பண்பாட்டைச் சேர்ந்தவர்களே எழுதுவது நல்லது என்று ரையர்டன் பின்னர் முடிவெடுத்தார். அதற்காக டிஸ்னி நிறுவனத்தின் கீழ் அவர் பெயரிலேயே ஒரு பதிப்பு வரிசை தொடங்கியது. மாயா தொன்மத்தை ஜே.சி. செர்வான்டிஸும், கொரியத் தொன்மத்தை யூன் ஹா லீயும், ஆப்பிரிக்க அமெரிக்க நாட்டார் நாயகர்களை குவாமே ம்பாலியாவும் எழுதினர்.

அந்த வரிசையின் முதல் நூல் 2018 மார்ச்சில் வந்த 'ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்'. எழுதியவர் ரோஷனி சோக்ஷி. இந்தியத் தந்தைக்கும் பிலிப்பினோ தாய்க்கும் பிறந்து அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வளர்ந்தவர். அட்லாண்டாவில் இந்தியக் கலை அருங்காட்சியகம் ஒன்றிலேயே குடியிருக்கும் பன்னிரண்டு வயது ஆரு, பள்ளியில் தன்னைப் பணக்காரியாகக் காட்டிக்கொள்ளப் பொய் சொல்பவள். வகுப்புத் தோழர்களின் சவாலுக்காக ஏற்றக்கூடாத விளக்கொன்றை ஏற்றி, உள்ளே அடைபட்டிருந்த தீயவனை விடுவித்துவிடுகிறாள். பாண்டவர் ஐவரின் ஆன்மாக்கள் இந்தத் தலைமுறையில் சிறுமிகளாகப் பிறந்திருக்கின்றன. ஆரு இந்திரன் மகள். அவளுடைய துணை மினி, தருமராசனின் மகள். விளக்கிலிருந்து வெளிவந்தவன் ஆருவைப் பெற்ற மானிடத் தந்தை என்பதும், பெயர் சுயோதனன் என்பதும் பின்னர் தெரியவருகின்றன. துரியோதனனின் மறுபெயர் அது என்று அறிந்த வாசகருக்கு அந்த இடம் இருமடங்கு உறைக்கும். குருவம்சத்தின் பகையை ஒரு வீட்டுக்குள், தந்தைக்கும் மகளுக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தது துணிச்சலான காரியம். நகைச்சுவை சில இடங்களில் அளவு மீறிக் கதையின் கனத்தைக் குறைக்கிறது என்பதும் உண்மை.

இங்கே ஒரு வேறுபாடு உண்டு. ஜீயஸுக்கு இன்று பெருந்திரளாகக் கோயில் வழிபாடு இல்லை. அவரைப் பொறுப்பற்ற தந்தையாகக் காட்டினால் மனம் புண்படுவோர் அரிது. இந்திரனும் அனுமனும் நாள்தோறும் வணங்கப்படும் உலகத்தைச் சேர்ந்தவர்கள். உயிரோடிருக்கும் சமயத்தின் கதைகளை எழுதுபவர் மரியாதைக்கும் விளையாட்டுக்கும் நடுவில் நடக்கவேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பழங்குடிகள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. ரெபெக்கா ரோன்ஹார்ஸ் நவஹோ மரபைக் கையாண்டு எழுதிய 'டிரெயில் ஆஃப் லைட்னிங்' நாவலுக்கு 2018இல் நவஹோ எழுத்தாளர்கள் சிலரே எதிர்ப்புத் தெரிவித்தனர். யாருடைய கதையை யார் சொல்வது என்ற கேள்வி இவ்வகையை விட்டு நீங்கப்போவதில்லை.

வணிகக் காரணங்களையும் விட்டுவிடலாகாது. தொன்மத்துக்குப் பதிப்புரிமை இல்லை. பெயர் சொன்னாலே அறிமுகம் முடிந்துவிடுகிறது. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் ஆறாம் வகுப்பு வரலாற்றுப் பாடமே பண்டைய நாகரிகங்கள்தான்; பெர்சி படிப்பதும் ஆறாம் வகுப்பு. ஆசிரியரும் நூலகரும் இந்நாவல்களைப் பரிந்துரைக்கத் தயங்குவதில்லை. இருந்தும் விளம்பரம் மட்டும் போதாது என்பதற்கு 2010இல் வந்த பெர்சி ஜாக்சன் திரைப்படம் சாட்சி. நாயகனின் வயதை உயர்நிலைப் பள்ளிக்கு ஏற்றிவிட்டதால் வாக்கு குறித்த பதினாறு வயதை நோக்கி ஓடும் விதியின் கடிகாரமே கதையிலிருந்து கழன்றது. ரசிகர்கள் ஏற்கவில்லை, ரையர்டனும் தம் அதிருப்தியை மறைக்கவில்லை. அவரே பங்கேற்று 2023 டிசம்பரில் தொடங்கிய டிஸ்னி தொடர், நாயகனைப் பன்னிரண்டு வயதுக்கே திரும்பக் கொண்டுவந்தது.

இந்தியாவில் 1967இல் அனந்த் பை தொடங்கிய 'அமர் சித்திரக் கதை' பல தலைமுறைகளுக்குப் புராணத்தின் முதல் வாசல். ஆனால் அது ஹாதோர்ன் வழியில் வந்தது. கதையைச் சொன்னது, கேள்வி கேட்கவில்லை. மாறுபட்ட முயற்சிகள் சென்னையின் தாரா பதிப்பகத்திலிருந்து வந்தன. சம்ஹிதா ஆர்னி சிறுமியாக இருந்தபோதே எழுதி வரைந்த மகாபாரதத்தை அது வெளியிட்டது. பின்னர் 2011இல் வங்காளத்தின் படச்சுருள் ஓவியர் மொய்னா சித்ரகரோடு ஆர்னி உருவாக்கிய 'சீதாஸ் ராமாயணா', போரையும் அரசையும் சீதையின் பக்கத்திலிருந்து பார்த்தது. இரண்டுமே ஆங்கில நூல்கள்.

தமிழில் புராண மறுபுனைவுக்குப் பஞ்சமில்லை. புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தில், சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 முதல் 2020 வரை இருபத்தாறு நாவல்களாக மகாபாரதத்தை விரித்தது. ஆனால் இவை முதிர்ந்த வாசகருக்கானவை. பதின்மூன்று வயதுக்காரர் தமக்கென்று எடுத்துப் படிக்கும்படி, இன்றைய நடையில் எழுதப்பட்ட தொன்ம நாவல் தமிழில் அரிது. சரக்கு இல்லாமல் அல்ல. கோவலன் கொலையுண்டபின் வளரும் மணிமேகலை, பரத்தையர் குலத்தொழிலுக்குத் திருப்பத் துடிக்கும் பாட்டி சித்திராபதி, விடாது துரத்தும் இளவரசன் உதயகுமாரன், உறக்கத்தில் கடல் கடந்து மணிபல்லவத்தில் தனியே கண்விழிக்கும் பெண், வேற்றுருக் கொள்ளவும் வானில் பறக்கவும் பசியைத் தாங்கவும் மூன்று மந்திரங்கள், ஆள்மாறாட்டத்தால் நிகழும் ஒரு கொலை, சிறை. ரையர்டன் தேடி அலைந்து சேர்த்தவை எல்லாம் சாத்தனாரின் ஒரே காப்பியத்தில் கிடக்கின்றன. தமிழ் எழுத்தாளர் ஒருவர் அதைப் பதின்பருவத்து வாசகருக்காக எழுதவேண்டும். அறவுரையாக அல்லாமல், தாயும் பாட்டியும் இளவரசனும் ஆளுக்கொரு வழி காட்ட, தன் வழியைத் தானே தேர்ந்துகொண்ட ஒரு பெண்ணின் கதையாக எழுதவேண்டும்.